முதுகுவலி மருந்துச் சந்தை: கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

தராசுமுள் (கேள்வி):

நாள்பட்ட முதுகுவலிக்கு ஆய்வில் இருக்கும் புது மருந்துகள் பற்றி ஒரு மதிப்பீட்டுக் குறிப்பு எழுத வேண்டும். விலைக்கு விற்கும் சந்தை அறிக்கைகளை அடுக்கிப் பார்த்தால் ஒன்றின் தொகை இன்னொன்றைவிடப் பல மடங்கு. மூன்று சந்தேகங்கள். அடியிலிருந்து நாமே கணக்குப் போடுவதென்றால் எந்த வரிசையில் போடுவது? டனெசுமாப் என்ற வலி ஊசி ஏன் சந்தைக்கே வரவில்லை? சுசெட்ரிஜின் என்ற புது வலி மாத்திரை முதுகுவலிக்கும் வரும் என்று பலர் எழுதுகிறார்களே, அந்த ஆய்வு முடிவை எப்படி வாசிப்பது?

கணக்குப்பிள்ளை (பதில்):

அறிக்கைகள் ஏன் முட்டிக்கொள்கின்றன என்று முதலில் பாருங்கள். ஒன்று மாத்திரையையும் ஊசியையும் மட்டும் எண்ணும். இன்னொன்று தண்டுவட அறுவைக்கான திருகு, தகடு, இடுப்புப் பட்டை, பிசியோதெரபி எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடும். மருந்துக்குள்ளேயே குழப்பம் உண்டு. டுலோக்செட்டின் மனச்சோர்வுக்கும் விற்கிறது, பிரகாபலின் வலிப்புக்கும் நரம்புவலிக்கும் விற்கிறது. மொத்த விற்பனையில் 'முதுகுவலிப் பங்கு' என்று ஒரு சதவீதத்தை வெட்டிக்கொள்வார்கள். அந்தச் சதவீதம் எங்கிருந்து வந்தது என்று சொல்லாத அறிக்கையை மூடிவைத்துவிடலாம்.

2020-இல் உலகில் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகுவலி, 2050-இல் அது 84.3 கோடி ஆகலாம் என்றொரு மதிப்பீடு எல்லா அறிக்கையின் முதல் பக்கத்திலும் இருக்கும். அதை நேரே விலையால் பெருக்காதீர்கள், சலித்துக்கொண்டே வாருங்கள். 12 வாரம் தாண்டியும் வலி உள்ளவர்கள், அவர்களில் மருத்துவரிடம் சீட்டு வாங்குபவர்கள், அழற்சி எதிர்ப்பு மாத்திரையும் இன்னொரு மருந்தும் பலிக்காதவர்கள், ஈரல், சிறுநீரகம், மற்ற மருந்துகள் காரணமாகத் தடை இல்லாதவர்கள், ஆறு மாதம் கழித்தும் விடாமல் எடுப்பவர்கள். வெறும் உதாரணத்துக்கு: 1000, 400, 120, 90, 45. ஒவ்வொரு படிக்கும் தனி ஆதாரம் வேண்டும். பெரும்பாலோர் சறுக்குவது கடைசிப் படியில்தான். 90 பேரை எடுத்து 12 மாதத்தால் பெருக்கிவிடுவார்கள். இது ஏறி இறங்கும் வலி. கொஞ்சம் தேவலை என்ற வாரத்தில் மாத்திரை பெட்டியிலேயே கிடக்கும்.

விலையும் அப்படித்தான். சுசெட்ரிஜின் அமெரிக்காவில் வந்தபோது 50 மி.கி. மாத்திரையின் பட்டியல் விலை 15.50 டாலர். நாளுக்கு இரண்டு, 31 டாலர். அறுவைக்குப் பின் 10 நாளுக்கு 310 டாலர், காப்பீட்டு நிறுவனம் தாங்கும். ஆண்டு முழுக்க என்றால் 11,315 டாலர். எதிரே நிற்பவை காப்புரிமை முடிந்து மலிவாகக் கிடைக்கும் நாப்ராக்சனும் டுலோக்செட்டினும். தீவிர வலிக்கான (திடீரென வந்து சில நாளில் போகும் வலிக்கான) விலையை நாள்பட்ட வலிக் கணக்கில் அப்படியே ஒட்டினால் தொகை வீங்கித்தான் போகும்.

இரண்டாம்கட்டம் (பதில்):

டனெசுமாபைப் 'பலனில்லாத மருந்து' என்று எழுதிவிடாதீர்கள். வலியைக் கூட்டும் நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தைக் கட்டிப்போடும் ஆன்டிபாடி அது. பைசர், லில்லி என்ற மருந்து நிறுவனங்கள் சேர்ந்து வளர்த்தது. முதுகுவலிக்கான மூன்றாம் கட்ட ஆய்வில் 8 வாரத்துக்கு ஒரு தோலடி ஊசி. 16-ஆம் வாரத்தில் 10 மி.கி. பிளசீபோவை (மருந்தில்லாத போலி ஊசியை) வென்றது, 5 மி.கி. வெல்லவில்லை. இடைஞ்சல் மூட்டில் வந்தது. சிலருக்கு மூட்டு மளமளவென்று தேய்ந்தது, அளவு கூடினால் அந்த ஆபத்தும் கூடியது. அழற்சி எதிர்ப்பு மாத்திரையோடு சேர்ந்தால் இன்னும் மோசம். ஆய்வில் அந்த மாத்திரையைத் தடுக்கலாம். சீட்டில்லாமல் கடையில் வாங்கிப் போடுபவரை யார் தடுப்பது?

மூட்டுச் சிதைவு காரணமாக அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2010-இலேயே ஆய்வுகளை நிறுத்திவைத்ததும் உண்டு. கடைசியில் முதுகுவலியை விட்டுவிட்டு, 2.5 மி.கி. அளவில் மூட்டுத் தேய்மானத்துக்கு மட்டும் விண்ணப்பித்தார்கள். 2021 மார்ச்சில் ஆலோசனைக் குழு 19-க்கு 1 என எதிராக வாக்களித்தது, அக்டோபரில் திட்டம் கைவிடப்பட்டது. ஆளைக் கொல்லாத நோய்க்கு மூட்டைப் பணயம் வைக்க ஒழுங்குமுறையாளர் சம்மதிக்க மாட்டார். உங்கள் குறிப்பில் ஒவ்வொரு மருந்துக்கும் 'பலன் தரும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இடைவெளி எவ்வளவு' என்று ஒரு பத்தி வையுங்கள். அனுமதி கிடைக்கும் நிகழ்தகவுச் சதவீதத்தைவிட அது உதவும்.

சுசெட்ரிஜின்: வலியைக் கடத்தும் புற நரம்புகளில் உள்ள என்ஏவி 1.8 சோடியம் வாயிலை அடைக்கிறது. 2025 ஜனவரி 30 அன்று கிடைத்த அனுமதி மிதமான முதல் கடுமையான தீவிர வலிக்கு மட்டும். நீங்கள் கேட்கும் இரண்டாம் கட்ட ஆய்வு 2024 டிசம்பரில் வந்தது. அதில் சேர்க்கப்பட்டவர்கள் நரம்பு வேர் அழுந்திக் காலுக்கு வலி இறங்குபவர்கள், அதாவது சயாட்டிக்கா வகை. வெறும் முதுகுவலிக்காரர்களை அதே வரியில் போடக்கூடாது. 10-க்கு எண்ணும் வலிப் புள்ளி மருந்துக் குழுவில் 2.02 குறைந்தது, பிளசீபோக் குழுவில் 1.98. இரண்டையும் புள்ளியியல் ரீதியாக ஒப்பிட அந்த ஆய்வு வடிவமைக்கப்படவில்லை என்பது உண்மை. ஆனாலும் 'மருந்து 2 புள்ளி குறைத்தது' என்ற வாக்கியத்தை மட்டும் உருவி எடுத்தால் அது பொய்க்குச் சமம். பிளசீபோ விளைவு குறைவாக இருந்த மையங்களைப் பின்னால் பிரித்துப் பார்த்தது அடுத்த ஆய்வை வடிவமைக்க உதவும், ஆதாரமாகாது.

அடிக்குறிப்பு (பதில்):

பிளசீபோவுக்கே 2 புள்ளி இறங்குவதற்கு மனோபலம் மட்டும் காரணமில்லை. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆள் ஆய்வில் சேர்கிறார், அதன்பின் தானாகவே இறங்கும். சேர 10-க்கு 4 புள்ளி வேண்டும் என்று மையத்துக்குத் தெரிந்தால் 3 கூட 4 ஆகிவிடும். ஆகவே ஆய்வு நெறிமுறையில் பார்க்க வேண்டியவை: நுழைவு வரம்பு மையங்களுக்கு மறைக்கப்பட்டதா, தினசரிக் குறிப்பு தாறுமாறாக ஏறி இறங்குபவர்களை மருந்து தொடங்குவதற்கு முந்தைய வாரத்திலேயே விலக்கினார்களா, இடைக்கால வலிக்குத் தந்த பாராசிட்டமாலை எண்ணினார்களா.

விலகியவர்களை என்ன செய்தார்கள் என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். கடைசியாகச் சொன்ன புள்ளியையே இறுதிவரை நீட்டினால், வாந்தி தாங்காமல் ஓடியவரும் 'வலி குறைந்தவர்' ஆகிவிடுவார். தொடக்கப் புள்ளிக்குத் திருப்பிப் போடுவதே நேர்மை.

முதலில் எல்லோருக்கும் மருந்து கொடுத்து, பலன் கண்டவர்களை மட்டும் வைத்துக்கொண்டு பிளசீபோவோடு பிரிக்கும் ஆய்வுகளும் உண்டு. அதில் வெற்றி பளிச்சென்று தெரியும். அந்த வெற்றியை முழுச் சந்தைக்கும் விரிக்காமல், முதல் கட்டத்தில் தேறியவர்களின் விகிதத்தால் பெருக்குங்கள்.

பழைய மருந்துகளின் தடம் தெரிந்தால் எதிர்பார்ப்பு தானாக அடங்கும். 2014-இல் வெளியான ஆய்வில் தீவிர முதுகுவலிக்குப் பாராசிட்டமால் எடுத்தவர்கள் தேற 17 நாள், பிளசீபோவில் 16 நாள். 2017-இல் சயாட்டிக்காவுக்குப் பிரகாபலின் பிளசீபோவை வெல்லவில்லை. 2023-இல் 347 பேர் சேர்ந்த, தீவிர முதுகு, கழுத்து வலிக்கான ஆய்வில், ஆக்சிகோடோன் என்ற ஓபியாய்டை ஒரு குழுவுக்கு நாளுக்கு 20 மி.கி. வரை 6 வாரம் கொடுத்தும் பிளசீபோவோடு ஒப்பிட வலியில் வேறுபாடில்லை. நாள்பட்ட வலிக்கு அமெரிக்க அனுமதி பெற்ற டுலோக்செட்டின் (ஒரு வாரம் 30 மி.கி., பிறகு 60) பிளசீபோவைத் தாண்டுவது 1 புள்ளிக்கும் கீழே.

தராசுமுள்:

தெளிவாகிவிட்டது, நன்றி. முதுகெலும்பு வட்டுக்குள் போடும் ஊசிகளைத் தனி வரியாக வைப்பதா?

இரண்டாம்கட்டம்:

கட்டாயம் தனியாக. ஜப்பானில் 2018-இல் அனுமதியான கொண்டோலியேஸ் பிதுங்கிய வட்டுக்கு ஒரே ஒரு ஊசி. ஒவ்வாமை அச்சத்தால் அதே ஆளுக்கு மறுபடி போடுவதில்லை. அங்கே நோயாளி எண்ணிக்கைதான் விற்பனை எண்ணிக்கை, மாதத்தால் பெருக்க எதுவுமில்லை. எம்ஆர்ஐ, ஊசி போடும் நிபுணர், எக்ஸ்ரே வசதி என்ற மூன்று சல்லடை கூடுதலாகும். இதே வேலைக்கு 1982-இல் அமெரிக்காவில் அனுமதியான கைமோபப்பைனையும் அந்த வரியில் குறியுங்கள். ஒவ்வாமை அதிர்ச்சியும் தண்டுவடப் பாதிப்பும் அரிதாக வந்தாலும், மருத்துவர்கள் அதை விட்டு விலக அவை போதுமாக இருந்தன.