ஏர் படாத மூலையில் தப்பிய புல்

மலர்: அப்பா, இன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிரெய்ரி சிட்டி போய்வந்தோம். அமெரிக்காவில் அயோவா மாநிலத்து டெமாயின் நகரிலிருந்து கிழக்கே அரை மணி நேரம்தான். நீல் ஸ்மித் வனவிலங்குக் காப்பகம், உள்ளேயே புல்வெளியைப் பற்றிச் சொல்லித்தர ஒரு மையம் இருக்கிறது. படம் அனுப்பியிருக்கிறேன் பாருங்கள்.

அத்தை: பார்த்தேன் கண்ணு. வெறும் புல்லாக இருக்கிறதே, இதற்காகவா பிள்ளைகளை வெயிலில் அலைய வைத்தாய்?

மலர்: போகும்போது நானும் அப்படித்தான் நினைத்தேன் அத்தை. பிக் புளூஸ்டெம் என்று ஒரு புல், ஆள் உயரத்தையும் தாண்டி நிற்கிறது, சின்னவன் உள்ளே போனால் தலையே தெரியவில்லை. ஆனால் வேரைப் பாருங்கள், பத்தடிகூட இறங்குமாம். காப்பகத்துக்காரர்களே காற்று, ஈரம் எல்லாம் பார்த்துப் புல்வெளிக்குத் தீ வைக்கிறார்கள். புதரும் மரக்கன்றும் கருகிவிடும், புல்லின் குருத்து மண்ணுக்குள் இருப்பதால் மறுபடி துளிர்த்துவிடும்.

அப்பா: மண் என்ன நிறம்?

மலர்: கறுப்பு அப்பா. நிறம் நம் கரிசல் மாதிரி, ஆனால் இது ஆயிரக்கணக்கான வருஷம் வேர் மக்கி மக்கி வந்த கறுப்பு. அந்த வளமே புல்லுக்கு எமனாகிவிட்டது. 1837இல் ஜான் டியர் என்ற கொல்லர் எஃகுக் கலப்பை செய்தார், அப்புறம் உழவு பரவிப் பரவி, இன்று அயோவாவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் பழைய புல்வெளி மிச்சமில்லை. எங்கே பார்த்தாலும் மக்காச்சோளம், சோயா. மனசு கஷ்டமாகிவிட்டது.

அப்பா: அப்படியானால் இந்தக் காப்பகத்துப் புல்லுக்கு விதை எங்கே கிடைத்தது?

மலர்: பழைய கல்லறைத் தோட்டம், ரயில் பாதை ஓரம் என்று ஏர் படாத மூலைகளில் தப்பிய புல்லிலிருந்து சேர்த்தார்களாம். அணுமின் நிலையம் கட்டுவதற்காக வாங்கிப்போட்ட நிலம் இது, நிலையம் வரவே இல்லை. 1990களில் விளைநிலத்தில் புல் விதைத்துக் காட்டெருமையையும் கொண்டுவந்து விட்டார்கள். தூரத்தில் நான்கைந்து நின்றன.

கதிர்: அக்கா, மொனார்க் பட்டாம்பூச்சி பார்த்தீர்களா?

மலர்: நிறைய! அது முட்டையிடும் மில்க்வீட் செடியைக் கிள்ளினால் பால் வடிகிறது, நம் எருக்குக் குடும்பம்தானாம்.

கதிர்: நம் எருக்கில் முட்டை வைக்கிற வெந்தய வரியன் பட்டாம்பூச்சியும் மொனார்க்குக்குச் சொந்தம்தான் அக்கா, ஒரே பேரினம்.

அத்தை: அந்த வேர்ப் படத்தைப் பெரிதாக அனுப்பும்மா, சரியாகத் தெரியவில்லை.

அப்பா: நம் ஊர்த் தண்டவாள ஓரத்தில் முன்பு கொழுக்கட்டைப்புல் மண்டிக் கிடக்கும். ஆடு மேய்க்கப் போன காலத்தில் பார்த்தது. நாளைக் காலையில் நடந்துபோய்ப் பார்க்கிறேன், இருந்தால் விதை உருவிக்கொண்டு வருகிறேன். கதிர், ஒரு துணிப்பை எடுத்து வை.