குருத்தணு வங்கியை நடத்துவோருக்கு ஒரு பொதுப்பெயர் வேண்டும்

கையேட்டை மொழிபெயர்ப்பவர்:

குழும நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். தொப்புள்கொடிக் குருதியிலிருந்து குருத்தணுக்களை (ஸ்டெம் செல்) பிரித்துச் சேமிக்கும் வங்கிகளில் புதிதாகச் சேர்வோருக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வரும் வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போயாக வேண்டும். கருவிகளுக்கும் வேதிப்பொருள்களுக்கும் ஒருவாறு சொல் அமைந்துவிட்டது, ஆட்களுக்குத்தான் அமையவில்லை. பேற்றறையில் குருதியைச் சேகரிப்பவர், ஆய்வகத்தில் அதைப் பிரித்து உறையவைப்பவர், தரத்தைச் சரிபார்ப்பவர், பெற்றோருக்கு விளக்கி ஒப்புதல் பெறுபவர், கேட்டு எழுதும் மருத்துவமனைக்குப் பையை அனுப்பிவைப்பவர், எல்லாவற்றுக்கும் பொறுப்பேற்கும் மருத்துவ இயக்குநர் ஆகிய அனைவரையும் ஒருசேரக் குறிக்கும் பெயர் நூலின் தலைப்பிலேயே வருகிறது. 'வங்கி ஊழியர்' என்றால் படிப்பவர் காசாளரை நினைப்பார். 'நிருவாகி' என்றால் ஆய்வகத்தில் நிற்பவர் விடுபட்டுப்போவார். தக்க சொல் தந்து உதவ வேண்டுகிறேன்.

தமிழாசிரியர்:

முதலில் வங்கியை விடுத்து 'வைப்பகம்' என்று வையுங்கள். அதில் பணிபுரிவோர் 'வைப்பாளர்' ஆகிவிடுவர். வள்ளுவர் 226ஆம் குறளில் 'பொருள்வைப்புழி' என்கிறார். வறியவரின் பசியைத் தீர்ப்பதே ஒருவன் தன் பொருளைச் சேமித்துவைக்கும் இடம் என்று அவர் சொல்வதால், வைப்பு என்னும் சொல்லுக்குள் பிறர்க்குக் கொடுப்பதும் அடங்கிவிடுகிறது. முகமறியாத நோயாளி ஒருவருக்கென்று பொது வங்கியில் குருதியைக் கொடுத்துவைக்கும் தாயின் செயலுக்கு இதைவிடப் பொருந்தும் சொல் தமிழில் உண்டா என்று எண்ணிப்பாருங்கள்.

'குருத்தணு' என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. தொல்காப்பிய மரபியல் புறத்தே காழ் (வயிரம்) உடையதைப் புல் என்றும் அகத்தே காழுடையதை மரம் என்றும் பிரித்து, இரண்டின் உறுப்புகளுக்கும் வெவ்வேறு பெயர்களை வகுத்திருக்கிறது. குருத்து என்றதும் நம் கண்முன் நிற்பவை பனையும் தெங்கும் வாழையும்தான். மனித உடலின் அடிப்படை அணுவுக்கு அந்த வகையிலிருந்து பெயர் எடுப்பது மரபுக்கு ஒத்ததா? 'முளையணு' என்பதே பொருந்தும் என்பது என் கருத்து.

ஆய்வக நுட்பர்:

ஐயாவுக்கு வணக்கம். குருத்தைக் கைவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பனையின் ஓலைகள் ஒவ்வொன்றாய் விரிந்து முதிர்ந்து கீழே இறங்கினாலும் உச்சிக் குருத்து குருத்தாகவே நிற்கிறது. நாங்கள் கையாளும் அணுவின் இயல்பும் இதுவே: தான் பிரியும்போது தன்னைப்போல் ஒன்றை இருத்திக்கொண்டு, சிவப்பணுவாகவும் வெள்ளணுவாகவும் தட்டணுவாகவும் முதிரக்கூடிய மற்றவற்றைத் தருகிறது. முளை அப்படி நிற்பதில்லை. வளர்ந்தபின் முளை என்று ஒன்று எஞ்சுவதில்லை.

'ஸ்டெம் செல்' என்பதன் மூலச்சொல்லிலும் தண்டு என்ற பொருள் முதன்மையாக இருக்கவில்லை. எர்ன்ஸ்ட் ஹெக்கல் 1868இல் 'ஸ்டாம்ட்செல்லே' என்ற செருமன் சொல்லை, பல அணு உயிர்கள் அனைத்துக்கும் மூதாதையான ஓரணு உயிரைக் குறிக்கவே ஆண்டார். அந்த மொழியில் ஸ்டாம் என்பதற்கு அடிமரம் என்பதோடு குலம், கால்வழி என்றும் பொருள் உண்டு. ஆகவே 'தண்டணு' என்று நேராகப் பெயர்ப்பதும் பிழையாகும்.

'வைப்பாளர்' என்பதற்குத்தான் என் முதன்மையான மறுப்பு. வைப்பது எங்கள் வேலையில் மிகச் சிறிய பகுதி. குருதிப்பை வந்ததும் தாயின் அடையாளக் குறியீட்டையும் பையின் குறியீட்டையும் இருவர் தனித்தனியே ஒப்பிடுகிறார்கள். பிறகு சிவப்பணுக்களையும் குருதிநீரையும் (பிளாஸ்மா) பெருமளவு நீக்கிக் கன அளவைக் குறைக்கிறோம். உறையும்போது பனிப்படிகங்கள் அணுவைக் கிழிக்காமலிருக்க டைமெத்தில் சல்ஃபாக்சைடைச் சேர்க்கிறோம். அறை வெப்பத்தில் அதுவே அணுக்களுக்குக் கேடு செய்யும் என்பதால், சேர்த்தபின் காலம் தாழ்த்த இயலாது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 பாகை செல்சியசு என்ற வேகத்தில் குளிரவைத்துத் திரவ நைட்ரஜன் கலனுக்கு மாற்றுகிறோம். நைட்ரஜனின் கொதிநிலை −196 பாகை. அது ஓயாமல் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் கலனில் அதன் மட்டத்தை நாள்தோறும் யாராவது பார்த்தாக வேண்டும். ஆவியான வளிமம் அறையின் ஆக்சிஜனை வெளியேற்றிவிடக்கூடும் என்பதால் எச்சரிக்கை மணியின் மீதும் கவனம் வேண்டும். ஆண்டுக்கணக்கில் நடப்பது பேணுதல். அதனால் 'பேணுநர்' என்று முன்மொழிகிறேன்.

சொல்லாய்வில் ஈடுபாடுள்ள அன்பர்:

வங்கி என்பதை அயற்சொல் என்று எல்லோரும் எளிதாகத் தள்ளுகிறீர்கள். வங்கம் என்பது சங்க இலக்கியத்தில் கப்பல். பொருள் ஏற்றிவரும் கலம். வங்கு என்பது வளை, பொந்து. உயிரினங்கள் இரையைப் பதுக்கிவைக்கும் இடம். தோளில் அணியும் வளைந்த அணிக்கு வங்கி என்று பெயர். வங்கியம் என்னும் துளைக்கருவியையும் இவற்றோடு சேர்த்து நோக்க வேண்டும். வளைவு, உட்குழிவு, உள்ளே கொள்ளுதல் என்ற கருத்துத் தொடர்ச்சி இவை அனைத்திலும் இருக்கிறது. உட்குழிந்த கலனுக்குள் உயிரணுவைக் காக்கும் இடத்துக்கு வங்கி என்பது வேரிலேயே தமிழ்ப்பெயர் என்பேன். அங்குப் பணிபுரிவோரை 'வங்கர்' என்று ஏன் அழைக்கக் கூடாது?

தமிழாசிரியர்:

ஒலி ஒப்புமை ஒன்றையே கொண்டு வேர் காண்பது ஆய்வாகாது. தோளணியின் பெயருக்கும் பணம் கொடுத்து வாங்கும் நிறுவனத்தின் பெயருக்கும் இடையே வரலாற்றுச் சான்று ஒன்றேனும் வேண்டும். 'வங்கர்' என்றால் வங்க நாட்டார் என்றே எவரும் கொள்வர்.

'பேணுநர்' இலக்கணத்துக்கு ஒத்த ஆக்கம். பாடுநர், வருநர், ஓட்டுநர் வரிசையில் அது அமைகிறது. ஆயினும் 'நர்' பலர்பால் ஈறு. மகிழ்நன், பொருநன் என்று ஒருமைக்கு வேறு ஈறு இருக்க, தனியொருவரைப் பேணுநர் என்பது மரியாதைப் பன்மையாகவே நிற்கும். ஆண் பெண் இருவருக்கும் பொதுவாக நிற்பதால் அதை நான் குறையாகச் சொல்லவில்லை. 'இயக்குநர்' எங்கும் 'இயக்குனர்' ஆகிவிட்டதைப் போல இதையும் 'பேணுனர்' என்று அச்சடித்துவிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

மகப்பேறு மருத்துவர்:

இந்தச் சொற்களை யார் காதால் கேட்கப்போகிறார் என்பதை நினைவில் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பேற்றுக்கு முன் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் தாயிடம் 'மூல அணு' என்று ஒரு விளக்கத்தாளில் இருந்ததைப் படித்தபோது, தனக்கு மூலநோய் இல்லையே என்று அவர் கேட்டார். 'தண்டணு' என்றால் தண்டுவடத்தில் ஊசி போடுவார்களோ என்று அஞ்சுகிறார்கள். 'ஸ்டெம் செல்' என்பது நாளிதழ் படிக்கும் எவரும் அறிந்த சொல். தூய்மைக்காக அதை நீக்கினால், எதற்கு ஒப்புகிறோம் என்பது புரியாமலே ஒருவர் ஒப்புக்கொள்ளும் நிலை வரும். அதை என்னால் ஏற்க முடியாது.

வங்கி என்ற சொல்லின் மீது எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் காரணம் வேறு. போட்டவர் வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை அது விதைத்துவிடுகிறது. 1988இல் பாரிசில் நடந்த முதல் தொப்புள்கொடிக் குருதி மாற்றில் ஃபன்கோனி இரத்தசோகை என்னும் பரம்பரை நோய் கொண்ட சிறுவனுக்குக் கொடுக்கப்பட்டது அவனுடைய தங்கையின் குருதி. பரம்பரை நோய்களில் குழந்தையின் சொந்த அணுவிலும் அதே குறை இருக்கும் என்பதால் அது பெரும்பாலும் பயன்படாது. ஆகவே படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு தாயிடம் பேசுகிறவருக்குத் தனிப்பெயர் வேண்டும். அவரையும் பேணுநர் என்ற பொதுப்பெயருக்குள் கரைத்துவிட்டால், விளக்கிச் சொல்லும் கடமை எவருடையது என்பது மங்கிவிடும். 'ஒப்புதல் விளக்குநர்' என்று எழுதலாம்.

ஆய்வக நுட்பர்:

மருத்துவரின் கருத்தை முழுமையாக ஏற்கிறேன். அதே முறையில் சேகரிப்பவர் 'சேகரிப்புச் செவிலியர்', பிரித்து உறையவைப்பவர் 'பதன நுட்பர்' என்று இருக்கட்டும். பையை அனுப்புபவரை 'விடுவிப்பு அலுவலர்' என்னலாம். பையோடு ஒட்டிய குழாய்த்துண்டைத் தனியே அறுத்தெடுத்து, திசுப்பொருத்தத்தை மீண்டும் சோதித்து, அடையாளம் உறுதியான பின்னரே அவர் கையெழுத்திடுகிறார். 'அனுப்புநர்' என்றால் அஞ்சல் உறையின் மூலையில் எழுதுவதைப் போலாகிவிடும்.

கையேட்டை மொழிபெயர்ப்பவர்:

அனைவருக்கும் நன்றி. காலம் நெருங்கிவிட்டதால் பெரும்பான்மைக் கருத்தைப் பின்பற்றுகிறேன். தலைப்பில் 'குருத்தணு வங்கிப் பேணுநர்' என்று வரும். உள்ளே ஒவ்வொரு பணிக்கும் மேலே சொன்ன தனிப்பெயர்களை ஆள்கிறேன். பெற்றோருக்கான படிவத்தில் மட்டும் 'ஸ்டெம் செல்' என்பதை முதலிலும் 'குருத்தணு' என்பதை அடுத்தும் தருகிறேன்; இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கண்ணுக்குப் பின்னது பழகிவிடும் என்று நம்புகிறேன்.

தமிழாசிரியர்:

தங்கள் முடிவுக்குத் தடை சொல்லவில்லை. ஆயினும் 'வைப்பகம்' இருக்க 'வங்கி' தலைப்பில் நிற்பதை நான் ஏற்கவில்லை என்பது பதிவில் இருக்கட்டும். மருத்துவர் சொன்ன குறையும் அந்தச் சொல்லால்தான் வருகிறது. இரண்டாம் பதிப்புக்கு முன் இதை மீண்டும் எடுத்துக்கொள்வோம். அதற்குள் குருத்தணுவா குருத்துக்கலமா என்பதையும் யாரேனும் முறையாக எழுப்பினால் நன்று. செல்லைக் கலம் என்று கொண்டால் அதைச் சேமிக்கும் கலனுக்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கும்.