புதுப்பிப்பு: மேகம் வந்தால் நின்று நின்று ஓடிய ஹீட் பம்ப் சரியாகிவிட்டது

மண்டபம் ஊரில் உள்ள எங்கள் வீட்டு வெந்நீர் ஹீட் பம்பை (காற்றின் வெப்பத்தை எடுத்து நீரைச் சூடாக்கும் கருவி), கூரை சோலார் மின்சாரம் மிஞ்சும்போது மட்டும் ஓட்ட ஆற்றல் மேலாண்மைக் கருவி வைத்தும், மேகம் கடக்கும்போதெல்லாம் கம்ப்ரஸர் நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பலன் தந்தது, பம்புக்கு வரும் மின்சாரத்தையே துண்டித்து நிறுத்துவதற்குப் பதிலாக, எஸ்ஜி ரெடி முனைகளில் (வெளிக் கருவியின் சிக்னலைப் பெற பம்பிலேயே உள்ள முனைகள்) ரிலேயை (சிக்னலால் இயங்கும் சுவிட்ச்) இணைக்கச் சொன்ன யோசனை. இப்போது கருவி அனுமதி மட்டும் தருகிறது; கம்ப்ரஸரைத் தொடங்குவதும் நிறுத்துவதும் பம்பின் சொந்தக் கட்டுப்பாடு. கூடவே, ஒருமுறை தொடங்கினால் பம்ப் குறைந்தபட்சம் ஓட வேண்டிய நேரத்தை 30 நிமிடமாக வைத்தேன். பம்ப் தொடங்க எவ்வளவு சோலார் மின்சாரம் மிஞ்ச வேண்டும் என்ற வரம்பை மட்டும் உயர்த்தியபோது பம்ப் தாமதமாகத் தொடங்கியதே தவிர வேறு பயனில்லை.

எதிர்பாராதது ஒன்று: உப்புக்காற்றில் ரிலேயின் செம்புக் கம்பிகள் பச்சை பூத்து, சிக்னல் விட்டுவிட்டு வந்தது. ரப்பர் விளிம்புள்ள பெட்டியில் வைத்து வீட்டுக்குள் மாற்றிவிட்டோம். கடலோரத்தில் இருப்பவர்கள் கருவியின் அமைப்புகளை (செட்டிங்ஸ்) மாற்றும் முன் இணைப்பு முனைகளைத் திறந்து பாருங்கள்.