இடிமேகத்துக்குள் காமாக் கதிர் பிறப்பது எப்படி?

கேள்வி:
எக்ஸ் கதிர்க் குழாயில் எலக்ட்ரான்கள் தடையின்றி விரைய வேண்டும் என்பதற்காகவே காற்றை உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். இடிமேகத்திலோ காற்றும் நீர்த்துளியும் பனித்துகளும் நிறைந்திருக்கின்றன. அத்தனை மோதல்களுக்கு நடுவே எக்ஸ் கதிரைவிடவும் ஆற்றல் மிக்க காமாக் கதிரை உண்டாக்கும் வேகம் எலக்ட்ரானுக்கு எப்படி வாய்க்கும்?

மறுமொழி 1:
ஐயம் நியாயமானதே. ஆனால் காற்று தரும் தடை எல்லா வேகத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. எலக்ட்ரானின் ஆற்றல் நூறு எலக்ட்ரான் வோல்ட்டை (ஒரு வோல்ட் மின்னழுத்தத்தைக் கடக்கும் எலக்ட்ரான் பெறும் ஆற்றலே ஒரு எலக்ட்ரான் வோல்ட்) ஒட்டி இருக்கும்போது தடை உச்சத்தைத் தொடுகிறது. அதைக் கடந்துவிட்டால், ஆற்றல் ஏற ஏறத் தடை இறங்கிக்கொண்டே போய், ஏறத்தாழ பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டில் மிகக் குறைந்துவிடுகிறது. ஆகவே, ஏற்கெனவே விரைந்தோடும் எலக்ட்ரானுக்குக் காற்று பறிப்பதைவிட மேகத்தின் மின்புலம் கூடுதலாகக் கொடுக்க முடியும். நுண்துகள்களின் தடத்தைக் காட்டும் முகிலறை என்னும் கருவியை உருவாக்கிய இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் 1920-களிலேயே இதை ஊகித்திருந்தார். முதல் வேகத்தைப் பெரும்பாலும் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் தருகின்றன. ஓடும் எலக்ட்ரான் வழியிலுள்ள அணுக்களிலிருந்து வேறு எலக்ட்ரான்களைத் தட்டிவிட, அவையும் ஓடத் தொடங்கிப் பனிச்சரிவுபோலப் பெருகுகின்றன. அணுக்கருவின் அருகே அவை வளைந்து வேகமிழக்கும்போது காமாக் கதிர் வெளிப்படுகிறது. எக்ஸ் கதிர்க் குழாயின் உலோகத் தகட்டில் நடப்பதும் அடிப்படையில் இதுவே. இதற்கு வேண்டிய மின்புலம், காற்றில் தானாகப் பொறி கிளம்ப வேண்டியதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான்.

கேட்டவர்:
அப்படியானால் மின்னல் வெட்டும்போது மட்டும்தான் இது நிகழுமா?

மறுமொழி 2:
இல்லை. மில்லி வினாடிக்கும் குறைவாக நீடிக்கும் காமாத் தெறிப்புகள் மின்னலோடு சேர்ந்தே வருகின்றன. விண்மீன்வெளியின் காமா வெடிப்புகளைத் தேட அனுப்பிய காம்ப்டன் செயற்கைக்கோள்தான், 1994-இல் வெளியான ஆய்வின்படி, கீழே பூமியிலிருந்து வந்த இவற்றையும் பதிவு செய்தது. மற்றொரு வகை, மின்னல் இல்லாமலேயே மேகம் நிமிடக்கணக்கில் மங்கலாகக் கதிர்வீசிக்கொண்டிருப்பது. மின்னல் வெட்டியதும் சில வேளை அது சட்டென நின்றுவிடும், ஏனெனில் அதை ஊட்டிவந்த மின்புலமே அப்போது தளர்ந்துவிடுகிறது.

மறுமொழி 3:
என்னை மிகவும் வியக்கவைத்தது ஜப்பானின் காஷிவாசாகியில் 2017 பிப்ரவரியில் பதிவான நிகழ்வு. மின்னலில் பிறந்த காமாக் கதிர் காற்றிலுள்ள நைட்ரஜன் அணுக்கருவிலிருந்து ஒரு நியூட்ரானைப் பெயர்த்தெடுக்க, எஞ்சிய நிலையற்ற நைட்ரஜன்-13 சிதைந்து, எலக்ட்ரானின் எதிர்த்துகளான பாசிட்ரானை உமிழ்ந்தது. அந்தப் பாசிட்ரான்கள் எலக்ட்ரான்களோடு சேர்ந்து அழியும்போது எழும் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர், மின்னல் ஓய்ந்த பிறகும் ஏறத்தாழ ஒரு நிமிடம் கருவிகளில் தெரிந்தது. அங்கே குளிர்கால மேகங்கள் தாழ்வாக நிற்பதால்தான் தரையிலேயே இதைக் காண முடிந்தது. உயரமான மேகமாக இருந்தால், இடையிலுள்ள காற்றே கதிரில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.