ஸ்காட்லாந்துக்கு வரும் குமரி மாவட்டப் பெண்களுக்கு: உடுப்பும் செருப்பும்

தக்கலையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார்: "அக்கா, நர்ஸ் வேலை கிடைச்சு அக்டோபர் கடைசியில கிளாஸ்கோ வாறேன். ஸ்வெட்டர், ஷூ எல்லாம் நாகர்கோவில்லயே வாங்கிரட்டுமா? சேலை எத்தனை எடுத்துட்டு வரணும்?" இதே கேள்வியை மார்த்தாண்டம், குலசேகரம், குளச்சல் என்று பல இடத்துப் பிள்ளைகள் கேட்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்வெட்டர் அங்கே வாங்க வேண்டாம். நம்ம ஊர்க் கடைகளில் கிடைப்பது ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்களுக்கானது. பெட்டியில் பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும், இங்கே வந்தால் காற்று அதற்குள் புகுந்து போகும். கிளாஸ்கோவில் ஜனவரியில் பகலில் 6, 7 டிகிரி, இரவில் 1, 2 டிகிரி இருக்கும். அந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஈரமும் காற்றும் சேர்ந்து வருவதுதான் பாடு. ஆரல்வாய்மொழிப் பக்கம் அடிக்கிற காற்றைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் நாம், ஆனால் அது சூட்டோடு வருகிற காற்று. இங்குள்ள காற்று உடம்புச் சூட்டை உருவிக்கொண்டு போகும்.

கையில் இருக்கிற பணத்தை முதலில் காலுக்குச் செலவழியுங்கள். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். அங்கே வருஷம் முழுக்க செருப்பும் சாண்டலும்தான். மழைக்காலத்துக்கு ரப்பர் செருப்பு, விசேஷத்துக்குக் கொஞ்சம் குதி உயர்ந்தது, அவ்வளவுதான். கால் நனைந்தால் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். இங்கே நனைந்த கால் வீடு திரும்பும்வரை நனைந்தேதான் இருக்கும். காலையில் பஸ்ஸுக்கு நின்றபோது நனைந்த சாக்ஸோடு பன்னிரண்டு மணி நேர டியூட்டி பார்த்தால் விரல்கள் சிவந்து வீங்கி அரிக்கத் தொடங்கும். அப்படி ஆனால் ஹீட்டருக்கு நேராகக் காலை நீட்டாதீர்கள். குளிர்ந்த விரலைத் திடீரென்று சூடாக்கினால் அரிப்பு இன்னும் கூடும். துடைத்து, கம்பளி சாக்ஸ் போட்டு மெதுவாகச் சூடேற விடுங்கள்.

வாங்க வேண்டியது கணுக்காலை மூடுகிற, தண்ணீர் புகாத பூட்ஸ் ஒரு ஜோடி. அடிப்பாகம் ரப்பராக, ஆழமான வரிகளோடு இருக்கட்டும். அழகுக்கு விற்கிற பூட்ஸில் அடிப்பாகம் வழவழப்பாக இருக்கும். இரவில் உறைந்த நடைபாதையில் அதைப் போட்டு நடந்தால் கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொள்வோம். பெல்லி (மேல்பாதம் திறந்த தட்டை ஷூ), கான்வாஸ் ஷூ இரண்டும் கோடைக்குப் போதும்.

அளவு விஷயத்தில் குழப்பம் வேண்டாம். நம்ம ஊரில் பெரும்பாலும் போடுவது பிரிட்டிஷ் எண்தான். அங்கே 5 என்றால் இங்கேயும் 5. ஐரோப்பிய எண்ணில் அது 38, அமெரிக்க எண்ணில் பெண்களுக்கு 7. ஆனால் நீளம் சரியாக இருந்தாலும் அகலம் இடிக்கும். செருப்பிலேயே வளர்ந்த கால் நம்முடையது, விரல்கள் விரிந்து இருக்கும். இங்கே பெண்கள் ஷூவில் சாதாரண அகலம் டி, அதைவிட அகலம் ஈ, இன்னும் அகலம் ஈஈ. கடையில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், நீங்கள் போடப்போகிற தடித்த சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதனால் வீட்டுக்குள் கம்பளத்தின் மேல் மட்டும் நடந்து பாருங்கள், விலை அட்டையைக் கிழிக்காதீர்கள். கால் சின்னதாக இருக்கிறவர்கள் குழந்தைகள் பிரிவையும் பார்க்கலாம். குழந்தைகளின் துணிக்கும் ஷூவுக்கும் இங்கே வாட் வரி கிடையாது, பெரியவர்களுக்கானதற்கு 20 சதவீதம்.

மெட்டி போடுகிறவர்கள் கவனியுங்கள். மூடிய ஷூவுக்குள் அது பக்கத்து விரலை அரைத்துப் புண்ணாக்கும். மெல்லிசான, மேடு இல்லாத மெட்டியாக மாற்றிக்கொண்டு வாருங்கள். கொலுசு டைட்ஸில் (இடுப்பிலிருந்து பாதம்வரை ஒட்டி வருகிற கால் உறை) மாட்டி இழையை இழுத்துவிடும்.

காலுக்கு அடுத்தது ஜாக்கெட். முழுக்கத் தண்ணீர் புகாதது என்று போட்டிருக்க வேண்டும், ஓரளவு தாங்கும் என்பது போதாது. உள்ளே திருப்பிப் பார்த்தால் தையல் மேலெல்லாம் டேப் ஒட்டியிருக்கும். துணி எவ்வளவு தண்ணீர் அழுத்தம் தாங்கும் என்பதை லேபிளில் மி.மீ. கணக்கில் போட்டிருப்பார்கள், 10,000 மி.மீ. என்று இருந்தால் நல்ல மழைக்கும் தாங்கும். இறகு அடைத்த ஜாக்கெட் காய்ந்த குளிருக்கு அருமை, ஆனால் நனைந்தால் சுருண்டு சூட்டை இழந்துவிடும், அதனால் கிளாஸ்கோ மழைக்கு அதை மட்டும் நம்ப முடியாது. தலைமூடி வைத்ததாக வாங்குங்கள், குடையைக் காற்று திருப்பிப் போட்டுவிடும். டிசம்பர் கடைசியில் சாயங்காலம் மூன்றே முக்காலுக்கே பொழுது சாய்ந்துவிடும். ரோட்டைக் கடக்கிறபோது கார்க்காரருக்குத் தெரிகிற மாதிரி வெளிர் நிறமாக இருந்தால் நல்லது.

மற்றதெல்லாம் மலிவாகவே முடியும். உடம்போடு ஒட்டிய தெர்மல் (குளிருக்கான உள்ளுடுப்பு), அதன் மேல் சட்டை அல்லது குர்தி, அதன் மேல் ஃப்ளீஸ் (மெத்தென்ற, எடை குறைந்த மேலுடுப்பு), வெளியே ஜாக்கெட். அடுக்குகளுக்கு நடுவே நிற்கிற காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கும். பஸ்ஸிலும் ஆஸ்பத்திரியிலும் ஹீட்டர் ஓடும், அங்கே ஒவ்வொன்றாகக் கழற்றலாம். உடம்பை ஒட்டிய அடுக்கு மட்டும் பருத்தியாக வேண்டாம், வேர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடக்கும். மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ பாருங்கள். ப்ரைமார்க், டெகத்லான் போன்ற கடைகளில் தெர்மலும் ஃப்ளீஸும் எல்லாருக்கும் கட்டுபடியாகும். ஆக்ஸ்ஃபாம் மாதிரி, பிறர் கொடுத்த பழைய உடுப்பை விற்கிற தொண்டுக் கடைகளில் நல்ல கம்பளிக் கோட் கிடைக்கும், அதை வாங்குவதில் ஒரு குறைச்சலும் இல்லை.

டிரெஸ் எண் நாட்டுக்கு நாடு மாறும். இங்கே 10 என்பது அமெரிக்காவில் 6, பிரான்சில் 38, ஜெர்மனியில் 36. பிரா வாங்கும்போது இங்கத்திய 34 ஐரோப்பாவில் 75 என்று இருக்கும்.

ஆஸ்பத்திரியில் யூனிஃபார்ம் அவர்களே தருவார்கள், ஷூ பெரும்பாலும் நம் பொறுப்பு. விரல் தெரியாத, ஓட்டை இல்லாத, வழுக்காத, துடைத்தால் சுத்தமாகிற கறுப்பு ஷூ. முழங்கைக்குக் கீழே வாட்சு, வளையல், முழுக்கைத் தெர்மல் எதுவும் கூடாது, வேலைப்பாடு இல்லாத ஒரு மோதிரம் பரவாயில்லை. அதனால் உள்ளே போட அரைக்கை தெர்மலும் இரண்டு வாங்குங்கள். தாலிச் செயின் பற்றி முதல் நாளே வார்டு மேனேஜரிடம் கேட்டுவிடுங்கள்.

சரி, அங்கிருந்து என்னதான் கொண்டுவர? தைத்த பிளவுஸ். இங்கே தையல்கூலி சேலை விலையைத் தாண்டிவிடும். உள்ளே இரண்டு பக்கமும் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள், முதல் குளிர்காலத்தில் பெரும்பாலோருக்கு எடை கூடும். அளவுக்கு ஒரு பிளவுஸை ஊர் டெய்லரிடமே விட்டுவிட்டு வந்தால் பிறகு வீட்டிலிருந்து அனுப்ப வசதி. பாவாடை, ஃபால்ஸ் தைத்த நாலைந்து சேலை, இரண்டு நைட்டி, பழகிய பருத்தி உள்ளாடை, ஊக்குகள், வீட்டுக்குள் போட ஒரு ரப்பர் செருப்பு. போதும்.

சேலையை மறந்துவிட வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கும் பொங்கலுக்கும் நாங்கள் சேலைதான் கட்டுகிறோம். பாவாடைக்குள் தெர்மல் லெக்கின்ஸ் அல்லது 100 டெனியர் (தடிமனைக் காட்டுகிற எண்) டைட்ஸ், பிளவுஸுக்குப் பதில் கழுத்து மூடிய முழுக்கைப் பனியன், காலுக்கு பூட்ஸ், மேலே முழங்கால் தாண்டிய கோட். கொசுவத்தை ஒரு விரல் உயர்த்திக் கட்டுங்கள், ரோட்டில் போடுகிற உப்பும் மணலும் பட்டால் ஓரம் நைந்துபோகும்.

இன்னொரு தங்கச்சி தனியாகக் கேட்டார், பேண்ட் சட்டையோடு எடுத்த போட்டோவைப் பார்த்து ஊரில் பேசுகிறார்கள் என்று. நம்ம மண்ணில் பெண்கள் மார்பை மூடித் துணி போட்டதற்காகவே அடிபட்டிருக்கிறார்கள். 1820-களில் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம் பல பத்தாண்டு நீண்டு, 1859-ல்தான் திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று ஆணை போட்டது. அதிலும் மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள். அந்த வழியில் வந்தவர்கள் நாம். குளிருக்கும் வேலைக்கும் எது தோதோ, எது உங்களுக்குப் பிடிக்கிறதோ அதைப் போடுங்கள். பேசுகிறவர்கள் பேசட்டும்.

துவைப்பதில் ஒன்றுதான் சொல்ல வேண்டும். லேபிளில் சதுரத்துக்குள் வட்டம் போட்டுக் குறுக்கே அடித்திருந்தால் உலர்த்தும் மெஷினில் போடாதீர்கள். கம்பளி சுருங்கிப் போகும், பருத்திச் சுடிதாரும் ஒரு அளவு குறையும். வீட்டுக்குள் கொடியில் காயப்போட்டால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் சுவரில் பூஞ்சை பிடிக்கும்.

அப்புறம், அம்மாவைக் கூட்டிவருகிறவர்களுக்கு. ஜூன் மாதம் வந்தாலும் அம்மாவுக்கு இங்கே குளிரும். வாழ்நாளில் ஷூ போடாதவரிடம் கயிறு கட்டுகிற ஷூவைக் கொடுத்தால் குனிந்து கட்டச் சிரமப்படுவார். ஒட்டுப்பட்டை வைத்த, அகலமான, எடை குறைந்த ஷூவாக வாங்கி வையுங்கள். செருப்புதான் வேண்டும் என்றால் கட்டைவிரல் பிரிந்த கம்பளி சாக்ஸ் கிடைக்கிறது, அதோடு போடலாம். அளவுக்கு, சாயங்காலம் ஒரு தாளில் அவர் இரண்டு காலையும் ஊன்றி நிற்கும்போது சுற்றி வரைந்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு காலில் பெரியது எதுவோ அந்த அளவுக்கு வாங்குங்கள்.