ஸ்பாயில்ஸ் சிஸ்டம்: 'கொள்ளை முறை' வேண்டாம்

தேர்தலில் ஜெயித்த கட்சி அரசுப் பதவிகளைத் தன் ஆதரவாளர்களுக்குக் கொடுப்பதை அமெரிக்காவில் ஸ்பாயில்ஸ் சிஸ்டம் (spoils system) என்பார்கள். அதற்கு என்ன தமிழ்ச் சொல் வைக்கலாம் என்பதுதான் இங்கே கேள்வி.

> 'கொள்ளை முறை' போதாதா? எல்லோருக்கும் புரியுமே.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். ஆண்ட்ரூ ஜாக்சன் 1829-இல் அமெரிக்க அதிபராக ஆட்சிக்கு வந்ததும் நியூயார்க் துறைமுகச் சுங்கத் தலைமைப் பதவியைத் தன் ஆதரவாளர் சாமுவேல் சுவார்ட்வவுட்டுக்குக் கொடுத்தார். அந்த மனிதர் 1838-இல் ஐரோப்பாவுக்குக் கப்பலேறிய பிறகு கணக்கைப் பார்த்தால் 10 லட்சம் டாலருக்கு மேல் துண்டு விழுந்தது. கொள்ளை என்றால் அது. நாம் சொல் தேடுவது அதற்கு முந்தைய காரியத்துக்கு, அதாவது ஜெயித்த கட்சி தன் ஆளைக் கூப்பிட்டு அந்த நாற்காலியில் உட்கார வைத்ததற்கு. அது சட்டப்படிதான் நடந்தது, ஒளிவுமறைவுகூட இல்லை.

ஒளிவுமறைவு இல்லாததற்குச் சாட்சி நியூயார்க் செனட்டர் வில்லியம் மார்சி. ஜாக்சன் தன் கூட்டாளி வான் பியூரனைப் பிரிட்டனுக்குத் தூதராக நியமித்ததை ஆதரித்து 1832-இல் செனட்டில் பேசியபோது, பகைவனிடம் கவர்ந்த பொருள் (spoils) வென்றவனுக்கே என்ற விதியில் தங்கள் மாநில அரசியல்வாதிகள் தவறு காண்பதில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். பெயர் வந்தது அங்கிருந்துதான்.

போர்க்களப் பேச்சு என்றால் நமக்கா பஞ்சம்? பகைவரின் ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையைக் கவர்வதைப் பாடும் வெட்சித் திணையில், கவர்ந்து வந்ததை வீரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது ஒரு துறை (உட்பிரிவு), பாதீடு என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. கவர்ந்தது, கூட வந்தவர்களுக்குப் பிரித்தது, இரண்டும் அதில் அடங்கிவிடுகின்றன. அதனால் என் பரிந்துரை 'பதவிப் பாதீடு'.

> பதவிப் பங்கீடு என்று எளிதாக வைக்கலாமே?

அது கூட்டணிக் கட்சிகள் அமைச்சர் இடங்களைப் பிரித்துக்கொள்வதற்குப் போய்விட்டது. 'சூறை' என்று வைக்கலாமென்றால் அது கலவரம் மாதிரி ஒலிக்கிறது. பாதீட்டிலும் ஒரு சிக்கல் உண்டு, இலங்கையில் அது வரவு செலவுத் திட்டம். முன்னால் 'பதவி' நிற்பதால் சமாளிக்கலாம் என்பது என் எண்ணம், இலங்கை நண்பர்கள்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், ஜாக்சன் தன் செயலுக்கு வைத்த பெயர் வேறு. அரசுப் பதவி யாருக்கும் சொந்தமில்லை, ஆட்கள் மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். அதைப் 'பதவிச் சுழற்சி' என்று தனியாகவே பதிவோம், பாதீட்டோடு சேர்க்க வேண்டாம். எட்டு ஆண்டுகளில் அவர் மாற்றியது மத்திய அரசு ஊழியர்களில் பத்தில் ஒன்றிலிருந்து இரண்டு பங்குதான் என்கிறார்கள், ஆனாலும் கெட்ட பெயர் முழுக்க அவருக்கே. போட்டித் தேர்வைக் கொண்டுவந்த 1883 பெண்டில்டன் சட்டத்துக்குப் பிந்தைய ஏற்பாட்டுக்குத் (merit system) 'தகுதி முறை' என்ற சொல் ஏற்கனவே புழக்கத்தில் உள்ளது, அதைத் தொட வேண்டியதில்லை.