தொப்பூர் இறக்கத்தில் அமுங்கிப்போன பெடல்

தருமபுரியிலிருந்து சேலத்துக்கு மாதம் நான்கைந்து முறை காரில் சென்று வருகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஐந்து பேரும் மூட்டை முடிச்சுகளுமாகத் தொப்பூர் கணவாயில் இறங்கியபோது, முன்னே ஊர்ந்த லாரிகளுக்காக நான்காவது கியரிலேயே ஓயாமல் பிரேக்கை மிதித்து வந்தேன். இரட்டைப் பாலத்தை நெருங்குகையில் கருகிய வாடை எழுந்தது, பெடல் பஞ்சுபோல் அமுங்கியது. கியரைப் படிப்படியாகக் குறைத்து ஓரங்கட்டும் வரை எனக்கு மூச்சே வரவில்லை.

மறுநாள் மெக்கானிக் அண்ணன் எடுத்துக் காட்டிய பிரேக் ஆயில் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. ஐந்து ஆண்டுகளாக அதை நான் மாற்றவே இல்லை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகையின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் என்பது தர அளவு, ஈரம் ஏறிய பின்னரோ அது 155 வரை இறங்கலாம். ஓயாமல் மிதிக்கும்போது ஏறும் சூட்டில் அது கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். திரவத்தைப் போலன்றி ஆவி அமுங்குவதால், நாம் மிதிக்கும் விசை சக்கரத்தைச் சென்றடையாது. பெரிய டிஸ்க் வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணத்தில் புதிய ஆயிலும் தரமான பேடுகளும் போட்டதே போதுமானதாக இருந்தது.

மீதிப் பணம் டயருக்குப் போனது. பட்டன் (தரையைப் பற்றும் மேற்பரப்பு மேடுகள்) தேயாமல் இருந்தாலும், பக்கவாட்டிலிருந்த நான்கு இலக்க எண்ணைப் பார்த்தபோது (முதல் இரண்டு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும்) அவை ஏழு ஆண்டுப் பழையவை என்று தெரிந்தது, ரப்பர் இறுகிவிட்டிருந்தது. 165/80 ஆர் 14 (மில்லிமீட்டரில் அகலம், அந்த அகலத்தில் பக்கவாட்டு உயரம் எத்தனை சதவீதம், அங்குலத்தில் ரிம் விட்டம்) அளவிலிருந்து, இதே மாடலின் உயர் வகைக்குக் கம்பெனியே தரும் 185/65 ஆர் 15 அளவுக்கு மாறினேன். இரண்டின் மொத்த விட்டமும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டரே வேறுபடுவதால் வேகமானி பிசகவில்லை. மழையில் பென்னாகரம் சாலையின் வளைவுகளில் கிடைத்த பிடிமானம் எனக்கே வியப்பாக இருந்தது.

சஸ்பென்ஷனில், ஆயில் கசிந்த முன் சாக் அப்சார்பர்களை இரு பக்கமும் சேர்த்து மாற்றி, லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் காரின் அடிப்பகுதியோடு இணைக்கும் கை) ரப்பர் புஷ்களைப் புதுப்பித்து, உடனே சக்கரங்களின் அலைன்மென்ட் பார்த்தோம். காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்குகளை நண்பர்கள் வற்புறுத்தினார்கள். நம் கிராமச் சாலைகளின் வேகத்தடைகளை அறிந்தவன் என்பதால் உறுதியாக மறுத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் பிரேக்கை ஓயாமல் மிதிக்காமல் எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று, கணவாய் தொடங்குமுன்பே மூன்றாவது கியருக்கு வந்துவிடுகிறேன். கீழே தொப்பூர் வரும் வரை பெடல் முதல் மிதியில் இருந்த அதே உறுதியோடு நிற்கிறது.